உர்சுலா இருபத்தொன்று

என் வீட்டுக்காரர் சவரிராஜைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஜாகா, அதாவது காவல்காரர், இல்லை.

தெம்பனிசுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி லிஃப்டில் வைத்துக் கேட்டாள்.

"அண்ணன் எங்க வேலை பாக்குறாரு?"

"கப்பல் கம்பெனில. கம்ப்யூட்டர் செக்யூரிட்டி."

"ஓ, ஜாகாவா? பகலா, நைட் ஷிஃப்டா?"

"ஜாகா இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு செக்யூரிட்டி."

"அதை யாருக்கா தூக்கிட்டுப் போவா? அலமாரி சைசுக்கு இருக்குமாம் லா!"

ஏழாவது மாடி வரும்வரை சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. காவல் வேலை ஒன்றும் குறைந்த வேலை இல்லை. ஆனாலும் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த மனிதரை இப்படிச் சொல்கிறாளே என்று இருந்தது. மாலையில் அவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"சரியாத்தான் சொல்லிருக்கு அந்தப் புள்ள. ஜாகா கதவக் காக்குறாரு. நான் ஒரு வார்த்தையக் காக்குறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வருடம் கோயில் திருவிழா மலருக்குக் குடும்பத் தலைவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல பழக்கங்களை எழுதினால் போதும் என்றார்கள். அவருடைய நல்ல பழக்கங்களை எழுத எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஆனால் அவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தால், அந்தப் பழக்கங்களுக்கு நான் செய்ததை மறைத்ததாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காகச் சேர்ந்தார். எழுபத்து மூன்றில் கம்பெனி ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கியது. அட்டையில் ஓட்டை போட்டு அதற்குச் சேதி சொல்லும் பகுதிக்கு இவரை மாற்றினார்கள். அப்போது நாங்கள் நோரிஸ் ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்தோம். அந்த வருடம்தான் எங்கள் மகள் ஸ்டெல்லா பிறந்தாள். எண்பத்தொன்றில் அவரைப் பூட்டுச் சாவிக்குப் பொறுப்பாக்கினார்கள். பூட்டுச் சாவி என்று நான் சொல்வது அந்த யந்திரத்தின் ரகசிய வார்த்தையை. அதை அடித்தால்தான் யந்திரத்தின் எல்லா அறையும் திறக்கும். மாதா மாதம் முதல் வெள்ளிக்கிழமை பழைய வார்த்தையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். போடுகிறவர் அவர் ஒருவர்தான். எழுதி வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்த வேலை வந்தபோது அவர் இடுப்பில் ஒரு பேஜரும் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்டெல்லா முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை அன்று, பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்குச் சிறுமணி அடிக்கிற அதே நொடியில் அது கீகீ என்று கத்தியது. சாமியாரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். இவர் குனிந்தபடி எழுந்து போனார். எங்களிடம் இருக்கும் அன்றைய படத்தில் ஸ்டெல்லாவுக்கு ஒரு பக்கம் நான் நிற்கிறேன், மறுபக்கம் காலியாக இருக்கிறது. படமெடுத்தவர், "அப்பா வந்துருவாரு, இடம் விட்டு நில்லுங்க" என்றதால் வந்த காலி இடம் அது.

மறுவாரமே அவர் தன் மேலாளர் மிஸ்டர் குவாவிடம் போய்ப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பேஜர் வேறொருவரிடம் இருக்கட்டும், அதற்குப் பதிலாகத் தான் எல்லாச் சனிக்கிழமையும் வருகிறேன் என்று. அதிலிருந்து அவர் வாழ்க்கையை ஒரு ஒழுங்கில் வைத்தார். காலை ஐந்தரைக்கு எழுவார். செபம் சொல்வார். தன் சட்டையைத் தானே தேய்ப்பார். ஆறே முக்கால் பஸ். வீட்டுக்கு வந்ததும் பேஜர் பிஸ்கட் டின்னுக்குள் போகும், டின் ஃபிரிட்ஜ் மேல் ஏறும். எட்டு மணிக்கு மூன்று பேருமாகச் செபமாலை. வேலையைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது.

"ஆபீஸ் பேச்சு செருப்போட வாசல்லயே நிக்கட்டும் ரூபி. உள்ள வந்தா வீடு ஆபீஸ் ஆயிரும்."

நான் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். எண்பத்தாறு செப்டம்பரில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

அந்த மாதம் அவர் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினார். ஏன் என்றால், "கொஞ்சம் வேலை" என்பார். காலையில் எங்கள் வீட்டுச் சோப்பு வாசத்தோடு போகிறவர், அந்த இரண்டு நாளும் வேறு ஏதோ சோப்பு வாசத்தோடு வந்தார். முகம் கழுவித் தலைசீவிப் புதிதாக இருந்தார். நாற்பத்தெட்டு வயது மனிதர் சாயங்காலம் தலைசீவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? நான் அதைத்தான் நினைத்தேன்.

அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை காலை. அடுக்களையில் ரேடியோ பழுதாகிக் கிடந்தது. அதனால் அறைக்குள் அவர் சட்டை தேய்க்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. தேய்க்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், அது வழக்கம். சின்னச் செபம் என்று விட்டிருந்தேன். அன்று காது கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி முன்னால் போகும்போது "உர்சுலா." பின்னால் வரும்போது "இருபத்தொண்ணு." உர்சுலா, இருபத்தொண்ணு. உர்சுலா, இருபத்தொண்ணு. ஒரு கை முடியும்வரை அதேதான்.

எங்கள் கோயில் பங்கில் இரண்டு உர்சுலாக்கள் இருந்தார்கள். ஒருவர் எழுபது தாண்டியவர், மற்றது கைக்குழந்தை. அப்படியானால் இது ஆபீசில் இருக்கிற மூன்றாவது உர்சுலா. வயது இருபத்தொன்று. என் மனசு கணக்கை முடித்துவிட்டது.

அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்றும் மறுநாளும் எட்டு மணிக்கு அவர் பக்கத்தில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னேன். அவர் பாதி சொல்ல நான் மீதி சொன்னேன்.

புதன்கிழமை கோயிலில் மரியாயின் சேனைப் பெண்கள் கூட்டம். யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று எல்லோரும் தங்கள் கருத்துகளைச் சொல்லும்போது, "தடுமாற்றத்தில் இருக்கிற ஒரு குடும்பத் தலைவருக்காக" என்று மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அற்புதமேரி என் கையைப் பிடித்தாள். அவள் புருஷன் சிலுவைராஜ் என் வீட்டுக்காரரின் ஆபீசில்தான் கம்ப்யூட்டருக்கு டேப் மாட்டுகிற வேலையில் இருந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

"ரூபிக்கா, யாருக்கா அந்தக் குடும்பத் தலைவர்? முகமே சரியில்ல உங்களுக்கு."

"ஒண்ணுமில்ல."

"பேர் சொல்லி வேண்டிக்கிட்டாத்தான் பலிக்கும்க்கா."

நான் சொல்லிவிட்டேன். பேரையும் சொன்னேன், வயதையும் சொன்னேன். சட்டை தேய்க்கும்போதுகூட அந்தப் பேர்தான் என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது. அதைச் செபத்தின் பலன் என்று நம்பினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஐந்து பெண்கள் வந்து என் கையை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒருத்தி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவர் ஒன்றும் தெரியாமல், "என்ன இன்னிக்கு எல்லாரும் உன்கிட்ட ரொம்பப் பாசமா இருக்காங்க?" என்றார்.

பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"என் வார்த்தை வெளிய போயிருச்சு ரூபி."

அன்றுதான் ஆபீஸ் பேச்சு முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. காலையில் ஆபீசில் எல்லாத் திரையிலும் மலாயில் 'ஜாகா திடூர்' என்று ஓடியதாம். காவல்காரன் தூங்குகிறான் என்று அர்த்தம். பாக்கியலட்சுமி சொன்ன ஜாகா கதையை இவரே ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறார், அதனால் அது யாரைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேறு எதையும் யாரும் தொடவில்லை. ஆனால் அவருடைய ரகசிய வார்த்தையை அடிக்காமல் அப்படி ஓடவிட முடியாது. யாரிடம் சொன்னாய் என்று மிஸ்டர் குவா கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் சொல்லவில்லை என்று இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி முடிவு சொல்கிறோம், அதுவரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

"இருபத்து நாலு வருசம். பொய் சொல்றவன்னு ஒருத்தரும் என்னை நெனச்சதில்ல. இன்னிக்கு அந்த ரூமுல இருந்த எல்லாரும் நெனச்சாங்க."

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் கை வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார், அவள் காட்டிக் கொடுத்துவிட்டாள், ஆண்டவர் கூலி கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருப்பீங்க" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். 

ஒரு வாரம் அவர் வீட்டிலிருந்தார். ஆபீஸ் இல்லாவிட்டாலும் ஐந்தரைக்கு எழுந்தார், சட்டை தேய்த்தார், போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். செபமாலை சொல்லும்போது பாதியில் அவருக்கு மந்திரம் மறந்துபோனது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை. என் அக்கா திருச்சியிலிருந்து வருடா வருடம் அனுப்பும் கத்தோலிக்க நாள்காட்டி எங்கள் அடுக்களைச் சுவரில் தொங்கும். தினமும் தாளைக் கிழித்து அன்றைய புனிதர் பேரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போவாள். அது அவர் பழக்கி வைத்தது. நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்டோபர் இருபத்தொண்ணு. புனித உர்சுலா, கன்னி, வேதசாட்சி" என்று வாசித்தாள். "அம்மா, கோப்பி வழியுது லா!"

கோப்பி மேடை முழுக்க ஓடி என் காலில் சொட்டியது. சூடு தெரியவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் அவர் அந்த நாள்காட்டிக்கு முன்னால் போய் நின்று தாள்களைத் தூக்கிப் பார்ப்பார். நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பக்தி என்றே நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லா போனதும் அறைக்குள் போனேன். அவர் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க. உங்க வார்த்தை, உர்சுலா இருபத்தொண்ணா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். 

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க. சட்டை தேய்க்கும்போது. நான்... அது ஒரு பொண்ணுன்னு நெனச்சேன். இருபத்தொரு வயசுப் பொண்ணுன்னு."

அவர் முதலில் சிரித்துவிடுவார்போல இருந்தது. பிறகு சிரிப்பு வராமல் நின்றுவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அற்புதமேரிகிட்ட. செபத்துக்காக."

"சிலுவை வீட்லயா?" என்று கண்ணை மூடிக்கொண்டார். "எட்டு எழுத்து வேணும் அந்த மிஷினுக்கு. இங்கிலீஷ்ல அந்தப் பேர் ஆறு, தேதி ரெண்டு. நம்ம ஆளு, வேதக்காரன். கேட்ட உடனே புரிஞ்சிருக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிப்ரவரியில் அகத்தா சைபர் ஐந்து, இந்த மாதம் உர்சுலா இருபத்தொன்று. தினமும் காலையில் அந்தப் பேரை அடிக்கும்போதே அந்தப் புனிதையிடம், இன்று என் கையில் தப்பு வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வாராம். ஆபீசில் செபம் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதானாம். செவ்வாய், வியாழன் பற்றியும் சொன்னார். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, வேலையை மூளையில் சுமக்காதே, நட என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஷெண்டன் வேயிலிருந்து சிராங்கூன் ரோடு வரைக்கும் நடப்பாராம். டன்லப் ஸ்ட்ரீட்டில் அப்துல் மஜீது பாயின் கடைக்குப் பின்னால் குழாயில் பாயின் சோப்பைப் போட்டு முகம் கழுவி, வேர்வை தெரியாமல் தலைசீவி, பஸ் ஏறுவாராம்.

"கொதிப்புன்னு சொன்னா நீ பயப்படுவியேன்னு சொல்லல."

 அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இத நெனச்சுக்கிட்டே தினமும் என் பக்கத்துல இருந்து செபமாலை சொன்னியா ரூபி?"



நானே வந்து மிஸ்டர் குவாவிடம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஆபீசில் எல்லோருக்கும் அவர் எழுதிக் கொடுத்த விதிகள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவரே விரலை வைத்துத் தமிழில் சொன்னார்: பேர் கூடாது, தேதி கூடாது, சுவரில் தொங்குகிற எதுவும் கூடாது, வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

"எழுதினவன் நான். நாலையும் மீறினவனும் நான்தான். நீ கேட்டது உன் தப்பில்ல. என் வாய் உன் காதுக்குப் பக்கத்துல இருந்தது."

மறுநாள் ஆபீசில் அதையேதான் சொல்லியிருக்கிறார். வார்த்தை வீட்டு நாள்காட்டியிலிருந்து எடுத்தது, நானே வாய்விட்டுச் சொன்னேன், யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தது தவறு. என்னையும் சொல்லவில்லை, சிலுவைராஜையும் சொல்லவில்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் பூட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, பாசிர் பாஞ்சாங் கிடங்கில் பழைய டேப்புகளுக்கும் காகிதங்களுக்கும் பொறுப்பாக அனுப்பிவிட்டார்கள். பேஜரையும் வாங்கிக்கொண்டார்கள். பிஸ்கட் டின் ஃபிரிட்ஜ் மேல் காலியாக இருந்தது.

அன்று புதன்கிழமை. ஆபீசில் போன பேரை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. கோயிலில் போன பேர் நான் போக்கினது. கூட்டத்தில் கருத்துகள் முடிந்ததும் எழுந்து நின்றேன். 

"போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் ஒரு குடும்பத் தலைவருக்காக வேண்டிக்கச் சொன்னேன். அது என் வீட்டுக்காரர். உங்க எல்லாருக்கும் தெரியும்."

"ரூபி, உக்காரும்மா" என்றார் தலைவி. "அது இங்க ரகசியமாவே இருக்கட்டும்."

"இல்லக்கா. ரகசியமாச் சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "உர்சுலா ஆபீஸ் பொண்ணு இல்ல. நேத்து திருநாள் கொண்டாடின புனிதை. இருபத்தொண்ணு வயசில்ல, தேதி. அவரு காலைல அவங்ககிட்ட வேண்டிக்கிட்டுத்தான் வேலையத் தொடங்குவாரு. அந்தச் செபத்த நான் ஒட்டுக்கேட்டு, விபச்சாரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அதனால அவரு ஆபீஸ்ல இருந்த இடம் போச்சு."

பின்வரிசையில் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் நானே சொல்லிப் பார்த்தாலும் அது சிரிக்கிற கதைதான். அற்புதமேரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சனிக்கிழமை மாலை சிலுவைராஜ் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, சும்மா வெளையாட்டுக்குத்தான். திறக்காதுன்னு நெனச்சு அடிச்சேன். திறந்துருச்சு."

"சாவி கெடச்சா கொண்டாந்து குடுக்கணும்டா."

"நாளைக்கே குவாகிட்டச் சொல்லிடறேண்ணே."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. பூசைக்கு வா. திங்கக்கெழமை சொல்லு. இப்ப உள்ள வந்து கோப்பி குடி."

சொன்னபடி திங்கட்கிழமை சொன்னார், வேலையை இழந்தார். இப்போது புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு ஃபாக்டரியில் இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரப் போட்டே எழுதுங்கக்கா" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு வாய் கிடையாது. அவர் சொல்லியும் என் வீட்டுக்காரருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. விதி எழுதியவரே மீறினால் எப்படிக் கொடுப்பது என்று மிஸ்டர் குவா கேட்டாராம். நியாயம்தான் என்று இவரும் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று வருடமாகிறது. அவர் பழக்கங்கள் ஒன்றும் மாறவில்லை. ஐந்தரைக்கு எழுகிறார். பாசிர் பாஞ்சாங்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருப்பதால் ஆறு மணிக்கே கிளம்புகிறார். செவ்வாயும் வியாழனும் நடக்கிறார், நடக்கிறேன் என்று சொல்லிவிட்டே நடக்கிறார். கொதிப்பு இறங்கியிருக்கிறது. தன் சட்டையை இன்னும் தானே தேய்க்கிறார்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தேய்க்கும்போது இப்போது முணுமுணுப்பதில்லை. பெட்டி முன்னால் போகும்போது "அருள் நிறைந்த மரியே", பின்னால் வரும்போது "கர்த்தர் உம்முடனே" என்று, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, அடுக்களை வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறார். யார் கேட்பதற்காக என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் பாத்திரம் கழுவுவதுபோலக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன்.